உட்பகை: இடுப்பு மூட்டு மறு அறுவையும் தொற்றின் வரலாறும்

பகைவருள் கொடியவர் யார் என்று கேட்டால், படையெடுத்து வருபவரே என்று விடை கூறுவது எளிது. வள்ளுவர் அவ்வளவில் நிறுத்தவில்லை. பகையின் இயல்புகளை ஆராய்ந்தவர், உள்ளிருந்தே அழிவு செய்யும் பகைக்கெனத் தனி அதிகாரம் வகுத்து, அதற்கு 'உட்பகை' என்று பெயரும் சூட்டினார். நாட்டையும் வீட்டையும் நினைந்து அவர் விடுத்த எச்சரிக்கை மனித உடலுக்கும் பொருந்தும் என்பதை அறுவை மருத்துவத்தின் வரலாறு காட்டுகிறது. சிறப்பாக, தேய்ந்த இடுப்பு மூட்டை அகற்றிச் செயற்கை மூட்டைப் பொருத்தும் கலையில், மருத்துவர் தம் கத்தியின் கூர்மையால் வென்றதைக் காட்டிலும் கண்ணுக்குத் தெரியாத கிருமியிடம் பெற்ற தோல்விகளால் கற்றதே மிகுதி. அந்தக் கல்வியின் வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூட்டும் மாற்று மூட்டும்

தொடை எலும்பின் மேல்முனை பந்து போன்றது. அது இடுப்பெலும்பிலுள்ள கிண்ணம் போன்ற குழிக்குள் அமர்ந்து சுழல்கிறது. நிற்றல், நடத்தல், குந்துதல், படியேறுதல் ஆகிய அனைத்துக்கும் இந்த மூட்டே அச்சாணி. முதுமையாலோ, முடக்குவாதத்தாலோ, குருதியோட்டம் தடைப்பட்டுப் பந்துமுனை சிதைவதாலோ, கீழே விழுந்து எலும்பின் கழுத்துப் பகுதி முறிவதாலோ இம்மூட்டு பழுதடையும்போது, மனிதன் படுக்கைக்கும் நாற்காலிக்கும் இடையே சிறைப்படுகிறான். அந்நிலையில் பழுதுற்ற முனையை வெட்டியெடுத்து, உலோகத் தண்டும் உருண்டையும் ஒருபுறமும், கிண்ணம் மறுபுறமுமாகப் பொருத்துவதே மாற்று அறுவை.

பொருத்திய மூட்டும் என்றென்றும் நிலைப்பதன்று. அது தேயலாம், தளரலாம், இடம்பெயரலாம். அதனைச் சூழ்ந்த எலும்பு முறியலாம். கிருமி புகுந்து சீழ்ப்பிடிக்கலாம். அப்போது பழைய மூட்டை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும் மறு அறுவை தேவையாகிறது. முதல் அறுவைக்குப் பின் ஆழமான தொற்று, நல்ல மருத்துவமனைகளில் 100 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கோ இருவருக்கோ நேர்கிறது. மறு அறுவையிலோ அந்த இடர் சில மடங்கு உயர்கிறது. ஏன் உயர்கிறது என்ற வினாவுக்கு விடை காண, ஒன்றரை நூற்றாண்டுக்குச் சற்று முன்னே செல்ல வேண்டும்.

சீழ் நிறைந்த கூடங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மருத்துவமனை என்பது நோய் தீர்க்கும் இடமாக மட்டும் இருக்கவில்லை. நோய் பெறும் இடமாகவும் இருந்தது. 1847ஆம் ஆண்டு வியன்னா நகரில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், பிணங்களை அறுத்தாய்ந்த கைகளோடு மகப்பேற்று அறைக்குள் வரும் மாணவர்களே தாய்மாரின் சாவுக்குக் காரணம் என்று கண்டார். குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்ததும் சாவுகள் பெரிதும் குறைந்தன. ஆயினும் அவர் சொல் அரங்கேறவில்லை. கைகளே எமனாகின்றன என்பதை ஏற்கப் பெரிய மருத்துவர்களின் மனம் இடந்தரவில்லை.

1865ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கிளாஸ்கோ நகரில் வண்டிச் சக்கரம் ஏறிக் காலெலும்பு முறிந்து தோலும் கிழிந்த பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியால் கட்டுப்போட்டார். அக்காலத்தில் அத்தகைய காயம் என்றால் காலை வெட்டுவது, இல்லையேல் உயிரை இழப்பது என்பதே வழக்கு. அச்சிறுவனோ காலும் உயிரும் தப்பி நடந்து சென்றான். நொதித்தலுக்கும் அழுகலுக்கும் நுண்ணுயிர்களே காரணம் என்ற பாஸ்டரின் ஆய்வைப் படித்தே லிஸ்டர் இம்முடிவுக்கு வந்தார். 1880ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், சீழ்க்கட்டிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, திராட்சைக் குலைபோல் திரண்டிருந்த உருண்டைக் கிருமிகளைக் கண்டார். ஸ்டாபிலோகோக்கஸ் என்று அவர் பெயரிட்ட அக்கிருமியே இன்றளவும் செயற்கை மூட்டுகளின் முதற்பகையாக விளங்குகிறது. அது எங்கிருந்தோ வருவதன்று. மனிதனின் தோலிலும் மூக்கிலுமே குடியிருப்பது. உட்பகை என்ற சொல் ஈண்டு எத்துணைப் பொருத்தமுடையது என்பது வெளிப்படை.

தந்த மூட்டின் தோல்வி

ஜெர்மனியின் தெமிஸ்டோக்ளஸ் குளூக் என்னும் அறுவை மருத்துவர் 1890, 1891 ஆம் ஆண்டுகளில் யானைத் தந்தத்தால் செயற்கை மூட்டுகள் செய்து நோயாளர்க்குப் பொருத்தினார். தொடக்கத்தில் வியக்கத்தக்க பயன் கிட்டியது. ஆனால், அவர் தேர்ந்தெடுத்த மூட்டுகள் பெரும்பாலும் காசநோயால் சிதைந்தவை. கிருமி ஏற்கெனவே குடிகொண்ட இடத்தில் அயற்பொருளை வைத்ததால், நாளடைவில் சீழ் வைத்து முயற்சி பாழாயிற்று. பொருத்துவதற்கு இடமிருந்தால் மட்டும் போதாது. அவ்விடம் தூயதாக இருத்தல் வேண்டும் என்பதே அத்தோல்வி தந்த பாடம். பிற்காலத்து மறு அறுவையின் முழுச் சிக்கலும் இந்த ஒரு பாடத்துள் அடங்கியிருக்கிறது.

அயற்பொருள் ஏன் கிருமிக்குத் துணைபோகிறது என்பதை 1957ஆம் ஆண்டில் இலண்டனில் எலெக், கோனன் ஆகிய இருவர் அளந்து காட்டினர். தாமே முன்வந்தவர்களின் தோலில் சீழ் உண்டாக்கப் பல இலட்சக்கணக்கான ஸ்டாபிலோகோக்கஸ் கிருமிகள் தேவைப்பட்டன. அதே தோலில் ஒரு பட்டுத் தையல் நூல் இருந்தாலோ, சில நூறு கிருமிகளே போதுமாயின. ஏறத்தாழ 10,000 மடங்கு வேறுபாடு! ஒரு நூலிழைக்கே இந்நிலை என்றால், கைப்பிடியளவு உலோகத்துக்கு என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

சார்ன்லியின் வெற்றியும் வேதனையும்

இக்கால இடுப்பு மாற்று அறுவையின் தந்தை எனப் போற்றப்படுபவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. 1911ஆம் ஆண்டு பிறந்த இவர், லங்காஷயரிலுள்ள ரைட்டிங்டன் மருத்துவமனையில் தம் வாழ்நாள் பணியை ஆற்றினார். முன்னாளில் காசநோயாளர்க்கென நடந்த மருத்துவமனை அது. சிறிய உலோக உருண்டை, உராய்வு குறைந்த நெகிழிக் கிண்ணம், இரண்டையும் எலும்போடு பிணைக்கும் அக்ரிலிக் சிமெண்டு ஆகிய மூன்றும் சேர்ந்ததே இவர்தம் முறை.

முதலில் இவர் கிண்ணத்துக்குத் தேர்ந்தது டெஃப்லான். வழுவழுப்பில் அதற்கு நிகரில்லை. நோயாளர் வலியின்றி எழுந்து நடந்தனர்; புகழும் பரவியது. ஆனால் மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் கிண்ணங்கள் தேய்ந்தன. தேய்ந்த துகள்கள் சுற்றியிருந்த தசையையும் எலும்பையும் அரித்தன. அறுவை பெற்ற ஏறத்தாழ 300 பேர் மீண்டும் வலியோடு வந்து நின்றனர். சார்ன்லி அவர்களைப் பிறரிடம் அனுப்பவில்லை. தம் கையாலேயே மறு அறுவை செய்தார். டெஃப்லான் துகள்களைத் தம் தொடைத் தோலுக்கடியில் தாமே செலுத்திக்கொண்டு, உடல் அதனை எவ்வாறு எதிர்க்கிறது என்று சோதித்தும் அறிந்தார். ஹாரி கிரேவன் என்ற அவருடைய தொழில்நுட்பப் பணியாளர், விற்பனையாளர் ஒருவர் கொண்டுவந்த பாலிஎத்திலீன் துண்டைத் தேய்வுப் பொறியில் இட்டு ஆராய்ந்தார். சார்ன்லி முதலில் அதனைப் புறக்கணித்தார்; பொறி காட்டிய முடிவைக் கண்டதும் ஏற்றுக்கொண்டார். 1962ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அப்பொருளால் ஆன கிண்ணம் முதன்முதலில் பொருத்தப்பட்டது. தலைவன் தன் கருத்தை மாற்றிக்கொள்ளத் துணிந்ததும், தொழிலாளி தன் கருத்தைக் கைவிடாமல் நின்றதும் அன்று மருத்துவத்துக்கு வாய்த்த நற்பேறுகள்.

தேய்வை வென்ற சார்ன்லியைத் தொற்று விடவில்லை. அவருடைய தொடக்கக்கால அறுவைகளில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினர்க்கு ஆழமான தொற்று ஏற்பட்டது. கத்தியும் துணியும் கொதிக்க வைக்கப்பட்டன, கைகளும் தூயன. அவ்வாறாயின் கிருமி வருவது எவ்வழி? காற்றின் வழியே என்று அவர் துணிந்தார். அறுவைக் கூடத்தில் நடமாடும் ஒவ்வொருவரும் தம் தோலின் நுண்செதில்களைப் பல்லாயிரக் கணக்கில் உதிர்க்கின்றனர். கிருமிகள் அவற்றின்மேல் அமர்ந்து திறந்த காயத்தில் வந்து படிகின்றன. காற்றுப் பதன நிறுவனத்தாராகிய ஹோவர்த் என்பாருடன் கூடி, வடிகட்டிய காற்று மேலிருந்து கீழாக ஓயாது பாயும் சிறுகூடம் ஒன்றை அமைத்தார். மருத்துவர் விடும் மூச்சையும் உடலிலிருந்து உதிர்பவற்றையும் குழாய்வழி உறிஞ்சும் முழு உடையையும் உருவாக்கினார். சில ஆண்டுகளில் தொற்று 1 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. 1977ஆம் ஆண்டில் சர் பட்டம் பெற்ற அவர், 1982ஆம் ஆண்டில் மறைந்தார்.

ஆயினும், அக்குறைவுக்குக் காற்று ஒன்றே காரணமா என்று வினவினோர் பலர். அவ்வினாவுக்கு விடை காண, லிட்வெல் என்பார் தலைமையில் பிரிட்டனிலும் சுவீடனிலுமாக 19 மருத்துவமனைகளில் 8,000க்கு மேற்பட்ட இடுப்பு, முழங்கால் மாற்று அறுவைகள் ஆராயப்பட்டன. 1982ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவின்படி, வழக்கமான கூடங்களில் 1.5 விழுக்காடாக இருந்த தொற்று, மிகுதூய காற்றுடைய கூடங்களில் 0.6 விழுக்காடாக இருந்தது. அறுவைக்கு முன்பே நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுப்பதும் பெரும் பயன் தருகிறது என்பதும் அதே ஆய்வில் புலனாயிற்று. வரலாறு அங்கும் நின்றுவிடவில்லை. மருந்து வழக்கமாகிவிட்ட பிற்காலத்தில், தூய காற்றுப் பாய்ச்சலால் கூடுதல் பயன் உண்டா என்ற ஐயம் எழுந்தது. 2016ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம், மூட்டு மாற்று அறுவையில் தொற்றைக் குறைக்கவென்று அவ்வமைப்பைப் பயன்படுத்த வேண்டியதில்லை என்ற கருத்தை, வலுக்குறைந்த சான்றின் அடிப்படையிலான பரிந்துரையாகவே வெளியிட்டது. ஒரு தலைமுறையின் உறுதி அடுத்த தலைமுறையின் வினாவாவது அறிவியலின் இயல்பு. அது முன்னோர்க்கு இழுக்கன்று.

முகமூடியும் கையுறையும்: பினாங்கின் பங்கு

இவ்வரலாறு முழுதும் ஐரோப்பாவில் நிகழ்ந்தது என்று எண்ணுவது பிழையாகும். அறுவைக் கூடத்தில் மருத்துவர் அணியும் இரு காப்புகள் முகமூடியும் கையுறையும் ஆகும். இரண்டின் வரலாற்றிலும் பினாங்குக்கும் மலாயாவுக்கும் இடமுண்டு.

1879ஆம் ஆண்டு பினாங்கில் பிறந்து, பினாங்கு ஃபிரீ பள்ளியில் பயின்று, அரசியார் உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜில் மருத்துவம் கற்றவர் டாக்டர் வூ லியென் தே. 1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் நுரையீரல் கொள்ளைநோய் பரவியபோது, அந்நோய் எலித்தெள்ளால் மட்டுமன்றி மனிதரின் மூச்சினாலும் பரவுகிறது என்று உணர்ந்து, மெல்லிய துணியும் பஞ்சும் அடுக்கிய முகமூடியை மருத்துவர்களும் மக்களும் அணியச் செய்தார். அதனை ஏற்க மறுத்து நோயாளரிடம் சென்ற மூத்த பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் சில நாள்களில் மாண்டார். அறுவைக் கூடத்தில் துணி முகமூடி 1897ஆம் ஆண்டிலேயே ஐரோப்பாவில் தோன்றிவிட்டது என்பது உண்மையே. எனினும், மூச்சே கிருமியின் ஊர்தி என்பதை உலகறியச் செய்தவருள் பினாங்கின் இம்மைந்தர் முதல் வரிசையில் நிற்பவர். 1960ஆம் ஆண்டு அவர் கண்மூடியதும் பினாங்கிலேயே.

கையுறையின் கதை தமிழரின் கதையோடு பிணைந்தது. 1890ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவின் வில்லியம் ஹால்ஸ்டெட், கிருமிநாசினியால் கைப்புண்பட்ட செவிலியர் ஒருவருக்காக மெல்லிய ரப்பர் கையுறைகளைச் செய்வித்தார். கையைக் காக்க வந்த உறை, பிறகு நோயாளியைக் காக்கும் உறையாயிற்று. அந்த ரப்பரை இருபதாம் நூற்றாண்டில் உலகுக்கு வாரி வழங்கியது மலாயா. விடியற்காலை இருளில் விளக்கேந்திப் பால்மரம் வெட்டியவர்களுள் பெரும்பகுதியினர் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர். 1980களுக்குப் பின் மலேசியா கையுறை உற்பத்தியில் உலகின் முதன்மை நாடாக உயர்ந்தது. மூட்டு மாற்று அறுவையில் மருத்துவர் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இணைக் கையுறைகள் அணிவது வழக்கம். ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு மூதாட்டியின் இடுப்பு கிருமியின்றித் தப்பியதற்குத் தோட்டப்புறத்துத் தமிழனின் வியர்வையும் ஒரு காரணம் என்று கூறினால் அது மிகையன்று. இந்த உண்மை பள்ளிப் பாடங்களில் இடம்பெறத் தக்கது.

கெலுகோரின் பெயரும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. 1969ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பினாங்குப் பல்கலைக்கழகம், தனக்கெனக் கட்டடம் இல்லாத நாளில், கெலுகோர் குன்றிலிருந்த மலாயா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில்தான் தன் முதல் வகுப்புகளை நடத்தியது. ஆசிரியரை உருவாக்கிய கூரையின்கீழே அறிவியலாளரும் உருவாகத் தொடங்கினர். பின்னர் 1971ஆம் ஆண்டில், பிரிட்டிஷ் படையினர் தங்கியிருந்த மிண்டன் பாசறைக்கு இடம்பெயர்ந்து, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் என்று வளர்ந்தது. நாட்டின் முதல் மருந்தியல் பட்டப் படிப்பு தோன்றியதும், 1979ஆம் ஆண்டில் தொடங்கிப் பின்னர்க் கிளந்தானின் குபாங் கெரியானுக்கு மாறிய மருத்துவப் பள்ளி பிறந்ததும் இவ்வளாகத்திலேதான். படை தங்கிய பாசறை, கண்ணுக்குத் தெரியாப் பகையோடு போரிடுவோர் பயிலும் பாசறையாக மாறியது காலத்தின் நல்ல திருப்பம்.

மறு அறுவையில் இடர் மிகுவது ஏன்?

இனி, முன்னர் எழுப்பிய வினாவுக்கு வருவோம். மறு அறுவையில் தொற்று மிகுவதற்குக் காரணங்கள் பல.

முதலாவது, காலம். பழைய மூட்டையும் சிமெண்டையும் எலும்பை உடைக்காமல் பெயர்த்தெடுக்கப் பல மணி நேரமாகும். காயம் திறந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கிருமிக்கு வாய்ப்பு. இரண்டாவது, தழும்பு. முன்பே அறுத்த தசையில் குருதியோட்டம் குறைவு. குருதி செல்லாத இடத்துக்கு மருந்தும் உடலின் காவல் அணுக்களும் எளிதில் செல்வதில்லை. மூன்றாவது, குருதி இழப்பும் நோயாளியின் முதுமையும். நான்காவது காரணமே தலையாயது: மறு அறுவைக்கு வருபவரின் மூட்டில் கிருமி முன்னரே மறைந்திருக்கக்கூடும். வெறும் தளர்ச்சி என்று கருதித் திறந்த மூட்டில் தொற்று ஒளிந்திருந்ததைப் பின்னர் அறிந்து வருந்திய மருத்துவர் பலர்.

கிருமி எவ்வாறு ஒளிகிறது? அமெரிக்காவின் கிரிஸ்டினா, கனடாவின் காஸ்டர்ட்டன் ஆகியோர் 1980களில் இதனை விளக்கினர். உடலுக்குள் உலோகம் வைக்கப்பட்டதும், அதன் பரப்பை முதலில் அடைவது யார் என்ற பந்தயம் உடலணுக்களுக்கும் கிருமிகளுக்கும் இடையே தொடங்குகிறது. உடலணு வென்றால் மூட்டு நிலைக்கும். கிருமி வென்றால், அது பரப்பில் ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி வழுவழுப்பான உயிர்ப்படலம் ஒன்றைப் பின்னிக்கொள்ளும். குளத்துப் படிக்கட்டில் படரும் பாசியை ஒத்தது அது. படலத்துள் உறங்கும் கிருமி, வெளியே திரியும் கிருமியைக் கொல்லும் மருந்தளவைப் போல் பன்மடங்கு அளவையும் தாங்கவல்லது. காய்ச்சல் இராது, சிவப்பும் வீக்கமும் இரா, மெல்லிய வலி ஒன்றே இருக்கும். இவ்வாறு மாதங்களும் ஆண்டுகளும் கழியலாம். தோலில் தீங்கின்றி வாழும் ஸ்டாபிலோகோக்கஸ் எபிடெர்மிடிஸ் என்னும் எளிய கிருமியும் உலோகத்தின்மேல் ஏறியதும் கொடும்பகையாகிவிடுகிறது. வள்ளுவர் அஞ்சிய உட்பகையின் இலக்கணம் இதுவே அன்றோ?

கண்டறிதலும் களைதலும்

ஆதலால், வலிக்கும் செயற்கை மூட்டைத் திறப்பதற்கு முன் தொற்று உண்டா என்று தேடுவதே மறு அறுவையின் முதற்படி. குருதியில் அழற்சியைக் காட்டும் அளவுகள் சோதிக்கப்படும். மூட்டிலுள்ள நீர் ஊசியால் எடுத்து ஆராயப்படும். அறுவையின்போது பல இடங்களிலிருந்து திசுத் துண்டுகள் எடுத்துக் கிருமி வளர்க்கப்படும். ஒரே துண்டில் தோன்றும் கிருமி, தோலிலிருந்து தற்செயலாக ஒட்டியதாகவும் இருக்கலாம். பல துண்டுகளில் ஒரே கிருமி தோன்றினால் ஐயமில்லை. மருத்துவர் அறியாமல் நோயாளி தாமே நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளை விழுங்கியிருந்தால், இச்சோதனைகளில் கிருமி சிக்காமல் போகும். கள்வன் வீட்டுக்குள் இருக்க, விளக்கை அணைத்ததற்கு ஒப்பாகும் அச்செயல்.

தொற்று உறுதியானால் வழிகள் மூன்று. அறுவை முடிந்த சில வாரங்களுக்குள் கண்டறியப்பட்டால், படலம் முதிர்வதற்குள் மூட்டைக் கழுவித் துப்புரவாக்கி, மாற்றத்தக்க பகுதிகளை மட்டும் மாற்றி, மருந்து கொடுத்து மூட்டைக் காப்பாற்ற முயலலாம். காலம் கடந்துவிட்டால் மூட்டை எடுத்தே ஆக வேண்டும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் புக்ஹோல்ட்ஸ் என்னும் மருத்துவர், 1970ஆம் ஆண்டளவில் எலும்புச் சிமெண்டிலேயே ஜென்டமைசின் மருந்தைக் கலந்து, அது மெல்லக் கசிந்து கிருமியை அழிக்கும் முறையை உருவாக்கினார். அதன் துணையால் பழையதை எடுத்துப் புதியதை ஒரே அறுவையில் வைக்கும் ஒருகட்ட முறையை அவர்தம் மருத்துவமனை வளர்த்தது. பிற நாடுகளில், குறிப்பாக அமெரிக்காவில், இருகட்ட முறை பரவியது. முதலில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மருந்து கலந்த சிமெண்டுத் துண்டை இடைக்காலத்துக்கு வைத்து, வாரக்கணக்கில் மருந்து கொடுத்து, கிருமி ஒழிந்தது எனத் தெளிந்தபின் புதிய மூட்டு பொருத்துவது அம்முறை. இடைப்பட்ட மாதங்களில் நோயாளி படும் துன்பம் சிறிதன்று. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், பிரிட்டனிலும் சுவீடனிலும் 140 நோயாளர் இரு முறைகளுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டனர். 18 மாத முடிவில் இரு சாராரின் நலமும் ஏறத்தாழ ஒத்திருந்தது. தொடக்க மாதங்களில் ஒருகட்ட முறையினர் விரைந்து தேறினர். எல்லா முயற்சியும் தோற்குமிடத்து, மூட்டே இல்லாமல் விட்டுவிடும் பழைய முறையும் உண்டு. அதனால் கால் குட்டையாகும். பெரும்பாலோர்க்கு ஊன்றுகோல் இன்றி நடத்தல் அரிது. ஆயின் சீழ் அடங்கி உயிர் பிழைக்கும்.

மருந்துகளை நம்பிய மாந்தர்க்கு மற்றோர் எச்சரிக்கையையும் வரலாறு வைத்திருக்கிறது. 1940களில் பெனிசிலின் வந்தபோது தொற்றின் காலம் முடிந்தது என்றே பலர் எண்ணினர். சில ஆண்டுகளிலேயே ஸ்டாபிலோகோக்கஸ் அதனை எதிர்க்கக் கற்றது. எதிர்ப்பை வெல்ல மெதிசிலின் வந்தது. 1961ஆம் ஆண்டிலேயே அதனையும் எதிர்க்கும் கிருமி இங்கிலாந்தில் காணப்பட்டது. தேவையின்றி விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையும் பகைவனுக்கு நடத்தும் பயிற்சி வகுப்பு எனலாம்.

சர்க்கரையும் செயற்கை மூட்டும்

மலேசியத் தமிழர் இவ்வரலாற்றை வெறும் மருத்துவச் செய்தியாகக் கொள்ள இயலாமைக்குக் காரணம் ஒன்றுண்டு. நீரிழிவு நோய் செயற்கை மூட்டில் தொற்று உண்டாகும் இடரை உயர்த்துகிறது. சர்க்கரை மிகுந்த குருதியில் காவல் அணுக்கள் சோர்கின்றன. காயம் ஆறத் தாமதமாகிறது. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயதுவந்தோருள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருந்தது. இந்தியருள் அது 31.4 விழுக்காடாகும். மூவருள் ஏறத்தாழ ஒருவர்! குனிந்து நிமிர்ந்து உழைத்துத் தேய்ந்த இடுப்புகளோடு முதுமை எய்தும் ஒரு சமுதாயத்தில், நீரிழிவும் இவ்வளவு பரவியிருப்பது எளிதாகக் கடந்து செல்லத்தக்க செய்தியன்று.

நல்ல வேளையாக, இந்த இடரில் ஒரு பகுதி நோயாளியின் கைக்குள்ளேயே இருக்கிறது. அறுவைக்கு முன் சர்க்கரையைக் கட்டுக்குள் கொணர்தல், புகைபிடித்தலை விடுதல், உடற்பருமனைக் குறைத்தல், சொத்தைப் பல்லையும் தோற்புண்ணையும் ஆற்றிக்கொள்ளுதல், சத்துள்ள உணவு உண்ணுதல் ஆகியவை பெருஞ்செலவு வேண்டாதவை. அறுவைக்குப் பின் காயத்தில் நீர் கசிந்தாலோ, அடங்கியிருந்த வலி மீண்டும் எழுந்தாலோ, அதனை மறைக்காமல் அறுவை செய்த மருத்துவரிடமே உடனே சொல்லுதல் வேண்டும். முதுமையில் வலி இயல்பு என்று தைலம் தேய்த்துக் காலம் கழிப்பதும், பிள்ளைகளுக்குத் தொல்லை தரக்கூடாதென்று வாய்மூடியிருப்பதும் தமிழ்க் குடும்பங்களில் காணப்படும் பழக்கங்கள். சில வாரங்களுக்குள் சொன்னால் ஒரு கழுவலோடு முடியக்கூடியது, சொல்லாமையால் இரு பேரறுவைகளாக வளர்கிறது. பாட்டியின் முனகலைப் பொருட்படுத்திக் கேட்கும் பேரன் ஒருவன், சில வேளைகளில் விலையுயர்ந்த கருவியைவிட விரைவாக நோயைக் கண்டுபிடித்துவிடுகிறான்.

முடிவுரை

செம்மல்வைஸ் கையைக் கழுவச் சொன்னார்; லிஸ்டர் காயத்தைக் காத்தார்; வூ லியென் தே மூச்சை மறைத்தார்; சார்ன்லி காற்றை வடிகட்டினார்; புக்ஹோல்ட்ஸ் சிமெண்டையே மருந்தாக்கினார். ஒவ்வொருவரும் ஒரு வாயிலை அடைத்தனர். பகையோ மற்றொரு வாயிலைத் தேடியது. எல்லா வாயிலும் அடைந்தபின்னும், உடலோடு ஒட்டிப் பிறந்ததுபோல் உள்ளே வாழும் கிருமி எஞ்சியே நிற்கிறது. அதனை முற்றாக ஒழிக்க இயலாது. விழிப்போடு இருந்து எல்லைக்குள் நிறுத்த இயலும்.

மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்தார்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன். நான்கனுள் மருந்து ஒன்றே விலைக்கு வாங்கத்தக்கது. மற்ற மூன்றும் மனிதர். மறு அறுவை என்னும் கடினமான களத்தில் நூற்றாண்டு கடந்த அனுபவம் கண்ட உண்மையும் இதுவே. மருத்துவர் தம் பிழையை ஏற்று ஆராய்பவராகவும், பேணுவோர் கை தூய்மையராகவும், நோயுற்றவர் தம் வலியை மறையாதவராகவும் இருக்குமிடத்தில் மருந்து தன் வேலையைச் செய்யும். அவ்வாறு இல்லாதவிடத்து, எத்துணை உயர்ந்த உலோகமும் உடலுக்குள் கிடக்கும் அயற்பொருளாகவே முடியும்.